ஆபரேஷனுக்கு முன்னாடியே ‘கரண்ட்’ வைப்பது ஏன்? எலும்புப் புற்றுநோயில் கதிர்வீச்சு எப்போது முதலில் வரும்?

‘கட்டியை எடுத்துட்டா போதாதா? அதுக்கு முன்னாடி எதுக்கு அஞ்சு வாரம் கரண்ட் வைக்கணும்?’

புற்றுநோய் மருத்துவமனைகளில் காத்திருக்கும் பெற்றோர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. பக்கத்து பெட்டில் இருக்கும் பையனுக்கும் எலும்புப் புற்றுநோய் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அவனுக்குக் கரண்ட் இல்லை. கீமோ முடிந்ததும் நேராக ஆபரேஷன். நம்ம பிள்ளைக்கு மட்டும் ஏன் வேற மாதிரி? டாக்டர் எதையாவது மறைக்கிறாரா? நோய் முற்றிப் போச்சா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. இரண்டு பேருக்கும் வந்திருப்பது ஒரே நோய் இல்லை என்பதுதான் காரணம்.

முதலில் இந்தக் ‘கரண்ட்’ என்ற சொல்லைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் கதிர்வீச்சு சிகிச்சைக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் இது. பெயர் நிலைத்துவிட்டது, கூடவே ‘ஷாக் அடிக்குமோ’ என்ற பயமும் ஒட்டிக்கொண்டது. உண்மையில் உடம்புக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற மெஷினிலிருந்து, சாதாரண எக்ஸ்-ரேயைவிடப் பல மடங்கு ஆற்றல் கொண்ட கதிர்கள் கட்டியை நோக்கிச் செலுத்தப்படும். எக்ஸ்-ரே எடுக்கும்போது எப்படி வலிக்காதோ, அப்படித்தான் இதிலும். படுத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் எதுவும் தெரியாது. கதிர் செய்யும் வேலை செல்லுக்குள் நடக்கிறது. அது டிஎன்ஏவை உடைக்கிறது. உடைந்த டிஎன்ஏவைச் சரிசெய்துகொள்ளும் திறன் நல்ல செல்களுக்கு அதிகம், புற்றுநோய் செல்களுக்குக் குறைவு. இந்த வித்தியாசத்தை நம்பித்தான் மொத்த சிகிச்சையும் நடக்கிறது.

பெயர் ஒன்று, நோய்கள் பல

எலும்பிலேயே தொடங்கும் புற்றுநோய்கள் அரிதானவை. அவற்றில் நான்கின் பெயரைத் தெரிந்துகொண்டால் இந்தக் கட்டுரைக்குப் போதும்.

அதிகம் காணப்படுவது ஆஸ்டியோசர்கோமா. வேகமாக உயரம் வளரும் பருவத்தில், பெரும்பாலும் முழங்காலைச் சுற்றி வரும். கதிர்வீச்சுக்கு எளிதில் அசராத ரகம் இது. அதனால் ஆபரேஷனுக்கு முன் கீமோ உண்டு, கதிர்வீச்சு வழக்கமில்லை. கட்டியை எடுக்கவே முடியாத இடத்தில் இருந்தாலோ, எடுத்த பிறகும் ஓரத்தில் மிச்சம் இருந்தாலோதான் கதிர்வீச்சைப் பற்றிப் பேச்சு வரும். நடுவயதைத் தாண்டியவர்களுக்கு அதிகம் வரும் காண்ட்ரோசர்கோமாவும் கதிர்வீச்சுக்குச் சுலபத்தில் மசியாது.

ஈவிங் சர்கோமா நேர் எதிர். குழந்தைகள், பதின்வயதினர், இளைஞர்களுக்கு வரும். இடுப்பெலும்பு, தொடை எலும்பு, விலா எலும்பு என்று எங்கு வேண்டுமானாலும் வரலாம். கதிர்வீச்சு பட்டால் நன்றாகச் சுருங்கும். ஆபரேஷனுக்கு முன் கதிர்வீச்சு என்ற பேச்சு அதிகம் எழுவது இந்த நோயில்தான். முதுகெலும்பின் அடிப்பகுதியிலும் மண்டை ஓட்டின் அடியிலும் வரும் கார்டோமா நான்காவது. அதில் கதிர்வீச்சு தேவைப்பட்டாலும் மிக அதிக அளவு தேவைப்படும்.

மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் போன்ற இடங்களில் தொடங்கி எலும்புக்குப் பரவும் புற்றுநோய் தனிக்கதை. பெரியவர்களிடம் ‘எலும்புல கேன்சர்’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான். அங்கே வலியைக் குறைக்கத்தான் கதிர்வீச்சு. பல நேரம் ஒரே ஒரு தவணை போதும். எலும்பு உடையும் நிலையில் இருந்தால் முதலில் கம்பி வைத்து நிறுத்திவிட்டுப் பிறகு கதிர்வீச்சு தருவார்கள். வரிசையே தலைகீழ். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல.

கதிர்வீச்சு அடையாளம் காட்டிய நோய்

ஈவிங் சர்கோமா என்ற பெயர் அமெரிக்க நோய்க்கூறியல் நிபுணர் ஜேம்ஸ் ஈவிங்கிடமிருந்து வந்தது. 1921ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 14 வயதுப் பெண் ஒருவரின் முன்கையில் வந்த கட்டியைப் பற்றி எழுதினார். அது ஆஸ்டியோசர்கோமா என்றால் ரேடியம் சிகிச்சைக்கு அசைந்து கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் கட்டி சுருங்கியது. இது வேறு ஏதோ நோய் என்ற முடிவுக்கு அவர் வர அதுவும் ஒரு காரணம். அதாவது, இந்த நோயைத் தனியாகப் பிரித்துக் காட்டியதிலேயே கதிர்வீச்சுக்குப் பங்கு உண்டு.

ஆனாலும், கட்டி சுருங்கியது என்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கீமோதெரபி இல்லாத அந்தக் காலத்தில் கட்டி கரைந்த பிறகும் பெரும்பாலானவர்களுக்கு நோய் நுரையீரலில் தலைகாட்டியது. கண்ணுக்குத் தெரியும் கட்டிக்கு ஒரு சிகிச்சை, ரத்தத்தில் கிளம்பிப் போய்விட்ட செல்களுக்கு இன்னொரு சிகிச்சை என்று இரண்டும் வேண்டும் என்பது புரிவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஒரு காலத்தில் ஆஸ்டியோசர்கோமாவுக்கும் கரண்ட்தான் முதலில்

இன்று ஆபரேஷனுக்கு முன் கதிர்வீச்சு தராத ஆஸ்டியோசர்கோமாவுக்கு ஒரு காலத்தில் அதைத்தான் முதலில் கொடுத்தார்கள் என்பது பலருக்கும் தெரியாது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையின் அறுவை சிகிச்சை நிபுணர் ஸ்டான்ஃபோர்ட் கேட் பின்பற்றிய முறை அது. முதலில் கட்டிக்கு அதிக அளவு கதிர்வீச்சு. பிறகு சில மாதங்கள் காத்திருப்பு. அந்த இடைவெளியில் நுரையீரலுக்கு நோய் பரவவில்லை என்றால் மட்டும் காலை எடுப்பார்கள்.

கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் அதன் பின்னால் இரக்கம் இருந்தது. அந்தக் காலத்தில் உடனே காலை வெட்டினாலும் ஐந்தில் நான்கு பேர் பிழைக்கவில்லை. எப்படியும் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகப் போகும் ஒரு பிள்ளையின் காலையும் எதற்கு எடுக்க வேண்டும்? யாருக்கு ஆபரேஷன் உண்மையில் பயன் தரும் என்று தெரிந்துகொள்ள ஒரு வடிகட்டியாகத்தான் கதிர்வீச்சு பயன்பட்டது.

1970களில் கீமோ வந்து இந்தக் கணக்கையே மாற்றியது. கனடாவின் டெர்ரி ஃபாக்ஸுக்கு ஆஸ்டியோசர்கோமாவால் 1977ல் வலது காலை எடுத்தபோது அவருக்கு வயது 18. பிழைக்க 50 சதவிகித வாய்ப்பு இருக்கிறது, இரண்டு வருடம் முன்பு வந்திருந்தால் அது வெறும் 15 சதவிகிதம்தான் என்று மருத்துவர்கள் அவரிடம் சொன்னார்கள். 1980ல் செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே 143 நாட்கள் ஓடி, 5,373 கிலோமீட்டரைக் கடந்தார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டத்தை நிறுத்த வேண்டியதானது. 1981 ஜூனில், 22 வயதில் காலமானார். சென்னை ஐஐடி வளாகத்திலும் அவர் பெயரில் ஓட்டம் நடத்தப்பட்டு வருகிறது.

இன்று நோய் பரவாத நிலையில் கண்டுபிடிக்கப்படும் ஆஸ்டியோசர்கோமாவில், நல்ல கீமோவும் சரியான ஆபரேஷனும் கிடைத்தால் பத்தில் ஆறு ஏழு பேர் பிழைக்கிறார்கள். பெரும்பாலானவர்களின் காலும் தப்பிக்கிறது. காத்திருந்து பார்க்கும் கேட் முறைக்கு வேலை இல்லாமல் போனது.

இப்போது யாருக்கு ஆபரேஷனுக்கு முன் கதிர்வீச்சு?

ஈவிங் சர்கோமா உறுதியானதும் முதலில் தொடங்குவது கீமோதான். வின்கிரிஸ்டின், டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு ஒரு சுற்று; ஐஃபோஸ்ஃபமைடு, எட்டோபோசைட் அடுத்த சுற்று என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது பரவலான முறை. ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து மறுபடி எம்ஆர்ஐ எடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் முக்கியமான முடிவு. எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர், கதிர்வீச்சு மருத்துவர், கீமோ மருத்துவர், ஸ்கேன் பார்ப்பவர் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுவார்கள். ‘டியூமர் போர்டு’ என்று பெயர்.

அங்கே எழும் கேள்வி ஒன்றுதான்: கட்டியை, சுற்றிலும் நல்ல சதை ஒரு உறை போல இருக்க, முழுசாக எடுக்க முடியுமா?

பலாச்சுளையை எடுப்பது போலக் கட்டியை மட்டும் உருவி எடுத்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் செல்கள் உள்ளேயே தங்கிவிடும். அதனால் சுற்றிலும் கொஞ்சம் நல்ல திசுவையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இதைத்தான் மருத்துவர்கள் ‘மார்ஜின்’ என்கிறார்கள். கணுக்காலுக்கு மேலே இருக்கும் மெல்லிய ஃபிபுலா எலும்பில் கட்டி என்றால் தாராளமாக மார்ஜின் கிடைக்கும். அங்கே ஆபரேஷன் மட்டுமே போதும். மாறாக, இடுப்பெலும்பில் ஒரு தேங்காய் அளவுக்குக் கட்டி வளர்ந்து, ஒரு பக்கம் சிறுநீர்ப்பை, இன்னொரு பக்கம் காலுக்குப் போகும் பெரிய நரம்பு என்று உரசிக்கொண்டு நின்றால்? நரம்பை வெட்டினால் கால் செயலிழக்கும். வெட்டாமல் விட்டால் நோய் மிஞ்சும்.

ஆபரேஷனுக்கு முன் கதிர்வீச்சு வருவது இந்த இடத்தில்தான். மார்ஜின் கிடைக்குமா கிடைக்காதா என்று இழுபறியாக இருக்கும் கட்டிகளுக்கு, அந்த ஓரத்தில் இருக்கும் செல்களை முன்கூட்டியே கொன்றுவிட்டு, பிறகு கத்தி வைப்பது. ஆபரேஷனே சாத்தியமில்லாத இடம் என்றால் கதிர்வீச்சு மட்டுமே சிகிச்சையாக இருக்கும். அப்போது அளவும் கூடும்.

ஐரோப்பிய ஆய்வுக் குழுக்களில் சிகிச்சை பெற்ற 1,058 ஈவிங் நோயாளிகளின் விவரம் 2003ல் வெளியானது. ஆபரேஷனுக்கு முன் கதிர்வீச்சு பெற்றவர்களில் 5.3 சதவிகிதம் பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. ஆபரேஷன் மட்டும், அல்லது ஆபரேஷனுக்குப் பின் கதிர்வீச்சு என்றவர்களில் 7.5 சதவிகிதம். கதிர்வீச்சு மட்டுமே பெற்றவர்களில் 26.3 சதவிகிதம். கடைசி எண்ணைப் பார்த்து ‘கதிர்வீச்சு மட்டும் கொடுத்தால் தோல்விதான்’ என்று பயப்பட வேண்டாம். ஆபரேஷன் செய்ய முடியாத மோசமான இடங்களில் கட்டி இருந்தவர்கள்தான் அந்தக் குழுவில் அதிகம். அவர்களையும் ஃபிபுலா கட்டிக்காரரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. ஆனால் முதல் எண் கவனிக்க வேண்டியது. மார்ஜின் கஷ்டம் என்று கருதப்பட்டவர்களுக்கே முன்கூட்டிக் கதிர்வீச்சு தரப்பட்டது. அவர்களிடமும் நோய் அதே இடத்தில் திரும்புவது இவ்வளவு குறைவாக இருந்திருக்கிறது.

பிறகு கொடுத்தால் ஆகாதா?

கொடுக்கலாம். பலருக்கு அப்படித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் முன்னால் கொடுப்பதில் சில வசதிகள் உண்டு.

ஆபரேஷனுக்கு முன் கட்டி அதன் இடத்திலேயே இருக்கிறது. ஸ்கேனில் அதன் எல்லை தெளிவாகத் தெரியும். கட்டியையும் சுற்றிக் கொஞ்சத்தையும் குறிவைத்தால் போதும். ஆபரேஷன் முடிந்த பிறகு கட்டி இருக்காது. கத்தி போன இடம், தையல், ரத்தம் வடியக் குழாய் வைத்த துளை வரை அத்தனையும் கதிர்வீச்சு எல்லைக்குள் வரும். உள்ளே உலோக மூட்டு வைத்திருந்தால் அது ஸ்கேனில் வெள்ளை வெள்ளையாகச் சிதறித் தெரியும். கதிர் போகும் கணக்கையும் குழப்பும்.

இன்னொரு காரணம் ஆக்சிஜன். கதிர்வீச்சு வேலை செய்ய ஆக்சிஜன் தேவை. அது இருந்தால் டிஎன்ஏவில் ஏற்படும் சேதம் நிரந்தரமாகும். இல்லாவிட்டால் செல் தப்பித்துவிடும். ஆபரேஷனில் ரத்தக் குழாய்கள் அறுபட்டுத் தழும்பு விழுந்த இடத்தில் ஆக்சிஜன் குறைவு. கைபடாத இடத்தில் தாராளம். கதிர்வீச்சின் அளவை ‘கிரே’ என்ற அலகில் சொல்வார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி லூயிஸ் ஹெரால்ட் கிரே. ஆக்சிஜனுக்கும் கதிர்வீச்சுக்கும் உள்ள இந்த உறவை 1953ல் விளக்கிய ஆய்வும் அவருடைய குழுவுடையதுதான். அளக்கும் அலகும் அளந்ததன் காரணமும் ஒரே ஆளிடமிருந்து வந்திருக்கின்றன!

மூன்றாவது, அறுவை சிகிச்சை நிபுணர்கள் விரும்பும் காரணம். கதிர்வீச்சுக்குப் பிறகு கட்டியைச் சுற்றி நார் போன்ற ஒரு தடிமனான ஓடு உருவாகலாம். கொழகொழவென்று இருந்த கட்டி பிடிக்க வாகாக ஆகும். ஆபரேஷனில் தவறிக் கொஞ்சம் சிந்தினாலும், சிந்தும் செல்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே செத்தவை அல்லது பெருகும் சக்தியை இழந்தவை.

அதற்குக் கொடுக்கும் விலை

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. கதிர்வீச்சு பட்ட தோலும் சதையும் ஆபரேஷனுக்குப் பிறகு மெதுவாகத்தான் ஆறும்.

எலும்பில் அல்லாமல் தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் சர்கோமாவுக்காகக் கனடாவில் நடந்த ஒரு ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. 2002ல் வெளியான அந்த ஆய்வில் 190 பேர். ஒரு பாதிக்கு ஆபரேஷனுக்கு முன் 50 கிரே, மறுபாதிக்கு ஆபரேஷனுக்குப் பின் 66 கிரே. முன்னால் பெற்றவர்களில் 35 சதவிகிதம் பேருக்குப் புண் ஆறுவதில் பிரச்சினை. பின்னால் பெற்றவர்களில் 17 சதவிகிதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் வருடங்கள் கழிந்த பிறகு படம் மாறியது. தசை இறுகிப்போவது, மூட்டு விறைப்பது, கால் வீங்குவது போன்ற தொல்லைகள் பின்னால் அதிக அளவு பெற்றவர்களிடம்தான் கூடுதலாகத் தெரிந்தன. புண் இன்றில்லாவிட்டால் நாளை ஆறும். இறுகிப்போன சதை பெரும்பாலும் பழைய நிலைக்கு வராது. 15 வயதுப் பிள்ளைக்கு எது பரவாயில்லை என்று யோசிக்கும்போது இந்த வித்தியாசம் பெரியது.

எலும்புக் கட்டியில் இன்னொரு சங்கடமும் சேரும். எடுத்த எலும்பின் இடத்தில் உலோக மூட்டு வைத்திருந்தால், ஆறாத புண் வழியாகக் கிருமி உள்ளே போய் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அப்படியானால் மூட்டையே கழற்ற வேண்டிவரும். அதைவிட முக்கியம், ஆபரேஷனுக்குப் பிறகு மீதிக் கீமோ காத்துக்கொண்டிருக்கிறது. புண் ஆறாமல் கீமோ தொடங்க முடியாது. தாமதம் ஆகும் ஒவ்வொரு வாரமும் உடம்பின் வேறு எங்காவது ஒளிந்திருக்கும் செல்களுக்குக் கிடைக்கும் அவகாசம்.

வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு. காலின் மொத்த வளர்ச்சியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முழங்காலுக்கு மேலும் கீழும் இருக்கும் இரண்டு வளர்ச்சித் தட்டுகளிலிருந்துதான் வருகிறது. அவற்றில் கதிர்வீச்சு பட்டால் அந்தக் கால் மட்டும் குட்டையாகலாம். இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு என்றால் சினைப்பை, விதைப்பை இரண்டும் பாதிக்கப்படும். ஆண் பிள்ளைகளுக்கு விந்தணுவைச் சேமித்து வைக்கலாம். கதிர்வீச்சுக்கு முன் என்றில்லை, கீமோ தொடங்கும் முன்பே செய்ய வேண்டும். பெண்களுக்குச் சினைப்பையைக் கதிர் படாத இடத்துக்கு நகர்த்தி வைக்கும் ஆபரேஷன் உண்டு. ‘முதல்ல உயிர் பிழைக்கட்டும், அதெல்லாம் அப்புறம்’ என்று வீட்டில் சொல்வது இயல்பு. டாக்டர்களும் அவசரத்தில் மறந்துவிடலாம். கேட்க வேண்டியது குடும்பம்தான்.

கதிர்வீச்சே பல வருடம் கழித்துப் புதிதாக ஒரு புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பும் சிறிய அளவில் இருக்கிறது. 1920களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கடிகார முகப்புகளுக்கு ஒளிரும் ரேடியம் சாயம் பூசிய இளம் பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கியபோது ரேடியத்தை விழுங்கினார்கள். அது எலும்பில் போய்த் தங்கியது. அவர்களில் சிலருக்குப் பின்னாளில் எலும்புப் புற்றுநோய் வந்தது. சிகிச்சையில் கதிர் ஒரே இடத்தில், அளந்து தரப்படுகிறது என்பதால் இரண்டையும் ஒப்பிட முடியாது. ஆனாலும் பதினைந்து இருபது வருடம் கழித்தும் அதே இடத்தில் புதிதாக வலியோ வீக்கமோ வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அந்த ஐந்து வாரம், அதற்குப் பிறகு ஒரு மாதம்

தொடங்கும் முன் ஒருநாள் ‘சிமுலேஷன்’ நடக்கும். தினமும் ஒரே மாதிரி படுக்க வசதியாகக் காலுக்கோ இடுப்புக்கோ ஒரு அச்சு தயார் செய்து, அதே நிலையில் சிடி ஸ்கேன் எடுப்பார்கள். தோலில் சின்னப் புள்ளிகள் வைப்பார்கள். அதை அழிக்கக் கூடாது. பிறகு வாரம் ஐந்து நாள், தினமும் 1.8 கிரே என்ற கணக்கில் 25 நாள் என்றால் 45 கிரே. 28 நாள் என்றால் 50.4 கிரே. ஆபரேஷனுக்கு முன் தரும் அளவு பொதுவாக இதை ஒட்டியே இருக்கும். சனி, ஞாயிறு விடுமுறை நல்ல செல்கள் மூச்சு விடுவதற்கும் உதவுகிறது. கீமோவில் டாக்ஸோரூபிசின், டாக்டினோமைசின் போன்ற மருந்துகள் கதிர்வீச்சோடு சேர்ந்தால் தோலை அதிகமாகப் பொசுக்கும் என்பதால் அந்த நாட்களில் அவற்றைத் தள்ளி வைப்பார்கள்.

மூன்றாவது வாரம் வாக்கில் தோல் சிவந்து, கறுத்து, அரிக்கத் தொடங்கும். வீட்டு வைத்தியம் வேண்டாம். தேங்காய் எண்ணெயோ மஞ்சளோ எதைத் தடவுவதாக இருந்தாலும் முதலில் சிகிச்சை தருபவர்களிடம் கேட்க வேண்டும்.

முடிந்த மறுநாளே ஆபரேஷன் கிடையாது. பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் விடுவார்கள். சீக்கிரம் செய்தால் தோல் இன்னும் ரணமாக இருக்கும். ரொம்பத் தள்ளினால் உள்ளே தழும்பு இறுகி, ரத்தக் குழாயையும் நரம்பையும் பிரித்தெடுப்பதே சிரமமாகிவிடும்.

குடும்பங்கள் தடுமாறுவது இந்த இடைவெளியில்தான். கீமோவும் கரண்டும் சேர்ந்து வீக்கத்தைக் கரைத்திருக்கும். வலி போயிருக்கும். முன்பு தூங்கவே முடியாத பிள்ளை சைக்கிள் எடுக்கக் கிளம்பும். ‘கட்டிதான் கரைஞ்சிருச்சே, இனிமே எதுக்கு எலும்பை வெட்டணும்?’ என்று ஊரில் யாராவது ஒருவர் சொல்வார். அதைக் கேட்டு ஆபரேஷனுக்கு வராமல் போகிறவர்கள் உண்டு. ஆபரேஷனுக்கு முன் தரப்படும் அளவு, அடுத்து ஆபரேஷன் நடக்கும் என்ற கணக்கில் போடப்பட்டது. அது மட்டுமே முழு சிகிச்சையாக இருக்கப் பெரும்பாலும் போதாது. ஆபரேஷன் இல்லாமல் கதிர்வீச்சால் மட்டுமே குணப்படுத்தத் திட்டமிட்டிருந்தால் அளவே வேறாக இருந்திருக்கும். நடுவில் ஒரு மாதம் விட்டு மீதியைச் சேர்த்துக்கொள்ளவும் முடியாது.

எலும்பை வெளியே எடுத்து, கரண்ட் வைத்து, திரும்ப மாட்டுவது

இதைக் கேட்டால் கதை மாதிரி இருக்கும். ஆனால் மும்பை டாடா மெமோரியல் உட்பட இந்தியாவில் நடக்கிற ஆபரேஷன்தான். 1968ல் இஸ்ரேல் மருத்துவர்கள் இருவர் இதைப் பற்றி முதலில் எழுதினார்கள்.

கட்டி இருக்கும் எலும்புத் துண்டை அறுத்து வெளியே எடுப்பார்கள். ஒட்டியிருக்கும் கட்டியையும் சதையையும் சுத்தமாக வழித்துவிட்டு, கிருமி புகாத உறைகளில் சுற்றி, கதிர்வீச்சு அறைக்குக் கொண்டு போவார்கள். நோயாளி ஆபரேஷன் தியேட்டரிலேயே மயக்கத்தில் இருப்பார். அங்கே அந்த எலும்புக்கு ஒரே தவணையில் 50 கிரே. ஐந்து வாரம் பிரித்துக் கொடுக்கும் அளவு ஒரே மூச்சில். உடம்புக்குள் வைத்து இப்படிக் கொடுக்கவே முடியாது. வெளியே இருப்பதால் தோல், நரம்பு, குடல் எதற்கும் பயமில்லை. எலும்பில் இருக்கும் எல்லா செல்லும் செத்துவிடும். நல்லதும் கெட்டதும் சேர்த்து. பிறகு அதே எலும்பைத் திரும்பக் கொண்டுவந்து, அதே இடத்தில் பிளேட், ஸ்குரூ போட்டு இணைப்பார்கள்.

அவரவர் எலும்பு என்பதால் அளவு கச்சிதமாகப் பொருந்தும். விலை உயர்ந்த உலோக மூட்டு தேவையில்லை. குறை என்னவென்றால் அது உயிரில்லாத எலும்பு. இரண்டு முனையிலும் உயிருள்ள எலும்போடு ஒட்டப் பல மாதம் ஆகும். இடையில் உடையலாம், கிருமி தொற்றலாம். கட்டி ஏற்கெனவே அரித்துப் பொடியாக்கிய எலும்புக்கு இந்த முறை உதவாது. இன்னும் உறுதியாக இருக்கும் எலும்புக்குத்தான் சரிப்படும்.

தமிழ்நாட்டில் என்ன நிலைமை?

1954ல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மையம் 1950களிலேயே கோபால்ட் கருவி வைத்துக் கதிர்வீச்சு சிகிச்சை தந்தது. இன்று சென்னை, மதுரை, கோவை போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலும் கதிர்வீச்சு வசதி உண்டு. 2019ல் சென்னை தரமணியில் தனியார் புரோட்டான் சிகிச்சை மையம் ஒன்று வந்தது. சாதாரண எக்ஸ் கதிர் கட்டியைத் தாண்டியும் போகும். புரோட்டான் குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடும். முதுகுத்தண்டை ஒட்டிய கார்டோமா, சின்னப் பிள்ளைகளின் இடுப்பில் வரும் ஈவிங் போன்றவற்றில் அந்த வித்தியாசம் உதவும். கை கால் கட்டிகளுக்கு வழக்கமான லீனியர் ஆக்சிலரேட்டரே போதும். புரோட்டான் கிடைக்கவில்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோ, கதிர்வீச்சு, ஆபரேஷன் மூன்றுக்கும் வழி இருக்கிறது. சிகிச்சை தொடங்கும் முன் அனுமதி வாங்க வேண்டும் என்பதால் காப்பீட்டு அட்டையை முதல் நாளே கவுண்டரில் காட்டிவிடுவது நல்லது.

மெஷினைவிடப் பெரிய சிக்கல் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. பிள்ளை விளையாடும்போது விழுந்தது, முட்டி வீங்கியது, எண்ணெய் போட்டு நீவினோம், கட்டு கட்டினோம் என்று இரண்டு மூன்று மாதம் போய்விடும். ஈவிங் சர்கோமாவில் காய்ச்சலும் வரலாம் என்பதால் எலும்பில் சீழ் என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் கொடுப்பதும் நடக்கிறது. அடிபட்ட வலி நாளாக நாளாகக் குறைய வேண்டும். குறையாமல் கூடினால், அதுவும் ராத்திரியில் எழுப்பும் அளவுக்கு இருந்தால், ஒரு எக்ஸ்-ரே எடுத்தே ஆக வேண்டும். கட்டி இருக்கும் இடத்தை நீவுவது எலும்பை உடைக்கலாம், நோயையும் பரப்பலாம்.

பயாப்ஸியிலும் கவனம் வேண்டும். ஊசி போன பாதையில் புற்றுநோய் செல்கள் சிந்தியிருக்கலாம். அதனால் பிற்பாடு ஆபரேஷன் செய்யும்போது அந்தப் பாதையையும் சேர்த்தே எடுப்பார்கள். கதிர்வீச்சு கொடுத்தாலும் அதையும் சேர்த்தே குறிவைப்பார்கள். தவறான இடத்தில் குத்திவிட்டால் காப்பாற்ற முடிந்த காலையும் எடுக்க வேண்டியதாகலாம். அதனால் யார் கடைசியில் ஆபரேஷன் செய்யப் போகிறாரோ அவரே, அல்லது அவர் சொல்லும் இடத்தில்தான் பயாப்ஸி செய்ய வேண்டும். ஈவிங்கா, வேறு ஏதாவதா என்று உறுதி செய்ய அந்தச் சதைத் துண்டில் மரபணுப் பரிசோதனையும் நடக்கும். முடிவு வரச் சில நாள் கூடுதலாக ஆகலாம். கரண்ட் முதலிலா, கத்தி முதலிலா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த எலும்பு பரிசோதனைக்குப் போகும். அதில் எத்தனை சதவிகிதம் செல்கள் செத்திருக்கின்றன என்று பார்ப்பார்கள். கீமோ மட்டும் கொடுத்திருந்தால் அந்த எண் கீமோ எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்லும். கதிர்வீச்சும் சேர்ந்திருந்தால் எது எதைக் கொன்றது என்று பிரிக்க முடியாது. ரிப்போர்ட்டில் ‘95 சதவிகிதம் அழிவு’ என்று இருந்தால் மகிழ்ச்சி அடையலாம். ஆனால் பக்கத்து பெட் பையனின் ரிப்போர்ட்டோடு ஒப்பிட முடியாது. புண் ஆறியதும் மீதிக் கீமோ தொடரும். ஈவிங் சர்கோமாவில் முதல் ஊசியிலிருந்து கடைசிக் கீமோ வரை ஏறக்குறைய எட்டிலிருந்து பத்து மாதம் ஆகும். அதன் பிறகு முதல் இரண்டு வருடம், சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சுக்கும் கட்டி இருந்த இடத்துக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.